நாற்பத்தோராம் மரம்

பாக்கியரத்தினம் மாஸ்டருக்கு அருவருப்பு பிறவிக் குணம். அடுத்தவர் குடித்த கிளாசில் தண்ணீர் குடிக்க மாட்டார். மீன் சந்தைப் பக்கம் போக நேர்ந்தால் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொள்வார். சோக்குத் தூள் பட்ட கையைக் கழுவாமல் கதிரையில் உட்கார மாட்டார். ஆய்வுகூடத்து அலுமாரியில் பிள்ளைகளுக்கு அமிலம் இருக்கிறதோ இல்லையோ, இவர் கை கழுவக் காபோலிக் சவர்க்காரம் எப்போதும் இருக்கும். அப்படிப்பட்ட மனுசன் பதினொரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உண்ணிக் காட்டுக்குள் போனார் என்றால், அதற்குக் காரணமும் ஒரு அருவருப்புத்தான்.

பரீட்சைத் தாள்களைத் திருத்தும்போது அது வந்தது. பைன் மரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்கள், பாவிகள்! ஒருத்தராவது கண்ணால் கண்ட மரமா அது? மறுநாள் வகுப்பில் சிவகுருநாதனை எழுப்பி, "உங்கட குசினியில எரியிற விறகு என்ன மரமடா?" என்று கேட்டார். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "விறகு மரம் சேர்" என்றான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாகத் தாவரவியல் என்ற பெயரில் கிளிப்பிள்ளை வளர்த்திருக்கிறேனே என்று நொந்துகொண்டார்.

இது அறுபத்தெட்டாம் ஆண்டு, மாசி மாதம். திருகோணமலை நகரத்துக் கல்லூரி ஒன்றின் உயர்தர வகுப்பு. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். நாறுகிற கதைக்குப் பெயர் எதற்கு?

வகுப்பில் ஸல்ஹா என்று ஒரு மூதூர்ப் பிள்ளை இருந்தாள். படிப்புக்காக நகரத்தில் மூத்தம்மா வீட்டில் தங்கியிருந்தாள். அவளுடைய சாச்சா, அதாவது சிற்றப்பா, றஊப் மூதூர் பேக்கரி ஒன்றுக்குக் காட்டு விறகு ஏற்றுகிறவர். அவரிடம் பெட்டி பூட்டின உழவு மெசினும் இருந்தது, காட்டுப் பாதையும் கைரேகைபோலத் தெரியும். மாஸ்டர் ஸல்ஹா மூலம் சொல்லியனுப்பிக் கேட்டார். "புள்ளையள்ற படிப்புக்கெண்டா வாங்க" என்று பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை லோஞ்சுப் படகில் துறைமுகம் தாண்டி மூதூருக்குப் போய், அங்கிருந்து மெசின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கித் தோப்பூரையும் கடந்து காட்டுக்குள் இறங்கினார்கள்.

இருநூறு அடிக்கு இருநூறு அடி. தும்புக் கயிறு கட்டி எல்லை பிடித்தார்கள். அதற்குள் இரண்டு அடிக்கு மேல் சுற்றளவுள்ள மரம் நாற்பத்தெட்டு நின்றது. பால்மா ரின்னை வெட்டித் தகடாக்கி, ஆணியால் குத்தி இலக்கம் எழுதி, மரத்துக்கு ஒன்றாக அடித்தார்கள். தகடு அடிக்கிற உயரம் நிலத்திலிருந்து நாலரை அடி. அந்த உயரத்தில்தான் அளக்க வேண்டும், அடுத்த வருடமும் அதே உயரத்தில்தான். அளவு நாடா ஸல்ஹாவின் உம்மாவுடையது. மூதூர்ப் பெண்டுகளின் சட்டைக்கு அளவெடுத்த நாடா அன்றைக்குப் பாலையையும் முதிரையையும் கட்டிப் பிடித்தது.

கொப்பியில் இரண்டு நிரல். முதல் நிரலில் இந்த வருடச் சுற்றளவு. இரண்டாம் நிரல் அடுத்த மாசிக்கு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒரு வருடத்தில் மரம் எவ்வளவு பருத்தது என்று தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு அது, அந்தப் பதினொரு பிள்ளைகளின் சொந்தக் கணக்கு. அடுத்த வருடம் செய்முறைப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து வருகிற பரீட்சகர் முதலில் பார்ப்பது இந்தக் கொப்பியைத்தான். மாஸ்டர் கையெழுத்துப் போடாத கொப்பி செல்லாது. கொப்பி செல்லாவிட்டால் பல்கலைக்கழகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"கண்டதை எழுதுங்கோ. நினைச்சதை எழுதாதேங்கோ" என்று மாஸ்டர் அன்றைக்கு நூறு தரம் சொன்னார். நல்ல வாக்குத்தான். ஆனால் அவர் எதையும் தொடவில்லை. கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு, "இது பாலை, பட்டையைப் பாருங்கோ. அது சமண்டலை" என்று தூர நின்றே காட்டினார். பிள்ளைகள் மரத்தைக் கட்டிப்பிடித்து அளந்தார்கள், உண்ணி கடித்துச் சொறிந்தார்கள், யானை லத்தியில் மிதித்துச் சிரித்தார்கள். அவர் டெற்றோல் போத்தலோடு ஒதுங்கி நின்றார். நாற்பத்தோராம் மரத்தையும் அப்படித்தான், பத்தடி தள்ளி நின்று கறுத்த பட்டையைப் பார்த்து, பிள்ளைகள் சொன்ன அளவையும் கேட்டு, "கருங்காலி. அஞ்சடி ரெண்டங்குலம்! இப்பிடிப் பருமன் காணக் கிடையாது, எழுதுங்கோ" என்றார். எழுதினார்கள்.

திங்கட்கிழமை கல்லூரி அதிபர் சோமசேகரம், வன இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பிரதி கேட்டார். மாஸ்டர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, இலக்கம், மரத்தின் பெயர், சுற்றளவு, நேராக வளர்ந்ததா கோணலா, எல்லாம் முத்து முத்தாக. மெசின் எதுவரை போகும், எந்தக் கல்லடியில் திரும்ப வேண்டும் என்று பாதைப் படமும் போட்டார். கீழே தன் கையெழுத்து. அளந்தவர்கள் என்று பதினொரு பிள்ளைகளின் பெயர்கள். அதிபர் பார்த்துவிட்டு, "உம்மடை எழுத்தைக் கண்ணில ஒத்தலாம்" என்றார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பங்குனியில் இலை சேர்க்க மறுபடி போனார்கள். அப்போதுதான் ஸல்ஹா நாற்பத்தோராம் மரத்தின் பட்டையை நகத்தால் கீறி மூக்கில் வைத்தாள். முகம் கோணிப்போயிற்று.

"சேர், இது கருங்காலி இல்ல. மணந்து பாருங்க."

விரலை நீட்டினாள். மாஸ்டர் இரண்டடி பின்வாங்கினார். மெசினடியில் நின்ற றஊப் சிரித்துக்கொண்டே வந்தார். "மாஸ்டர், இது வெடுக்குநாறி. பாக்கிறதுக்குக் கருங்காலிட தம்பிதான். உள்ளுக்க கறுப்பு வைரம் ஒரு பொட்டும் இரிக்காது. இதக் கொண்டுபோய்ப் போறணை அடுப்புக்குள்ள வெச்சா, சுடுற பாணெல்லாம் நாறிப் போகும். பேக்கரிக்காரன் என்னையே வெட்டிப் போடுவான்."

மனுசனைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. அந்த இடத்திலேயே, "ஸல்ஹா சொன்னது சரி. நான்தான் பிழை. எல்லாரும் திருத்துங்கோ" என்றார். பதினொரு கொப்பியிலும் கருங்காலி வெட்டுப்பட்டு வெடுக்குநாறி ஏறியது. அதிபரிடம் கொடுத்த பிரதியை மட்டும் திருத்தவில்லை. உப அதிபர் பதவி காலியாகப் போகிற நேரம். கண்ணில் ஒத்துகிற எழுத்தில் பிழை இருக்கிறது என்று வலியப் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு சொல்தானே, கிடக்கட்டும் என்று விட்டார்.

அடுத்த மாசி வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். எந்த மரம் கூடப் பருத்திருக்கும் என்று லோஞ்சிலேயே பந்தயம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாயிஸ் பதினேழாம் முதிரைக்குப் பந்தயம் வைத்தான். போன வருடம் முழுக்க அவன் அதை "என்ர முதிரை" என்றுதான் சொல்லித் திரிந்தான். வழக்கமாகக் கல்லடியில் இறங்கிக் காத்து நிற்கிற றஊப் அன்றைக்கு மெசினை விட்டு இறங்கவில்லை, சிரிக்கவுமில்லை. "போய்ப் பாருங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

பதினேழாம் முதிரை இல்லை. அடிக்கட்டைதான் இருந்தது. பக்கத்தில் சமண்டலை இரண்டும் இல்லை. பிள்ளைகள் அங்குமிங்கும் ஓடி எண்ணினார்கள். பதினாலு மரம் இல்லை. முதிரை, சமண்டலை, கருங்காலி, பாலை என்று பார்த்துப் பார்த்து, நேராக வளர்ந்ததாகப் பொறுக்கித் தறித்திருந்தார்கள். விறகுக்கு மட்டும் உதவுகிற வீரையைத் தொடவே இல்லை. தகடுகள் சேற்றில் கிடந்தன. சாராயப் போத்தல், மீன் ரின், வெற்றிலைத் துப்பல், போதாததற்கு அடிக்கட்டை ஒன்றின் பின்னால் மலம். மாஸ்டருடைய வெள்ளைச் சப்பாத்து அதில்தான் போய்ப் பட்டது. அவர் ஒற்றைக் காலில் நின்று புல்லில் தேய்த்தார், தேய்த்தார், சப்பாத்தே கிழியுமளவுக்குத் தேய்த்தார்.

"சேர், ரெண்டாம் நிரலில என்ன எழுதுறது?" என்று பாயிஸ் கேட்டான். அழுகிற குரல். மாஸ்டர் இன்னும் சப்பாத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இஞ்ச வாங்க."

ஸல்ஹா நாற்பத்தோராம் மரத்தடியில் நின்றாள். அந்த மரம் நின்றது. ஆனால் தகட்டுக்குக் கீழே கோடரியால் கொத்தி, கை நுழைகிற அளவுக்கு மரத்தின் நெஞ்சுவரை தோண்டியிருந்தார்கள். உள்ளே வெள்ளை மரம். காயத்தில் புழு நெளிந்தது. சவம் கிடந்ததுபோல ஒரு நாற்றம்.

"கருங்காலியெண்டு நினைச்சுக் கொத்திப் பாத்திருக்காங்க, சேர். கறுப்பு இல்லையெண்டதும் உட்டுட்டுப் போயிருக்காங்க."

"காட்டில மரம் வெட்டுறவன் பிழையா நினைக்க மாட்டானோ?" என்றார் மாஸ்டர்.

"நினைக்க மாட்டாங்க சேர். சாச்சாவுக்கே பத்தடிக்கு அங்கால நிண்டு தெரியும். ஆரோ இத கருங்காலியெண்டு எழுதிக் குடுத்திருக்காங்க. எங்கட கொப்பியெல்லாம் திருத்தியாச்சு. திருத்தாத பிரதி ஒண்டுதானே சேர்?"

பிள்ளை கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கழித்தல் கணக்குச் செய்கிறமாதிரி விரல் விட்டுச் சொன்னாள். அதுதான் மாஸ்டருக்கு நெருப்பாகச் சுட்டது. "வாயைப் பொத்தும் பிள்ளை! தெரியாத கதை கதைக்கப்படாது" என்று கத்தினார். ஒரு வருடத்தில் முதல் தரம் ஒரு பிள்ளையைப் பார்த்துக் கத்தினார். அதுவும் சரியாகச் சொன்னதற்கு.

மரம் ஒன்றையும் அளக்காமலே திரும்பினார்கள். வழியில் றஊப் மெதுவாகச் சொன்னார். "குணரத்தினம் முதலாளிட ஆக்கள் மாஸ்டர். மூணு நாள் நிண்டு வெட்டினாங்க. கையில கடதாசி ஒண்டு. இலக்கத்த வாசிச்சு வாசிச்சுத் தேடினாங்க. நான் போய்க் கேட்டன், பட்ட மரம் வெட்டப் பேர்மிற் இரிக்காம். நல்ல வடிவான எழுத்து, மாஸ்டர், அந்தக் கடதாசி."

குணரத்தினம், மரம் விற்கிற மரக்காலை ஒன்றின் முதலாளி. அதிபர் சோமசேகரத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த தமையன். இது ஊருக்கே தெரியும். காட்டில் மரம் வெட்டுவது பெரிய வேலை இல்லை. நல்ல மரத்தைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. நாலு ஆள் ஒரு மாதம் அலைய வேண்டிய வேலையைப் பதினொரு பிள்ளைகள் தையல் நாடா பிடித்து, உண்ணிக் கடி வாங்கிச் செய்து கொடுத்திருக்கிறார்கள். சீ! படிப்பு என்று நம்பி வந்த பிள்ளைகளின் கையாலேயே வேலையை வாங்குகிற புத்தி எந்தச் சாக்கடையில் முளைக்குமோ!

திங்கட்கிழமை காலை மாஸ்டர் அதிபரின் அறைக்குப் போனார். போகும்போது உண்மையிலேயே கோபத்தோடுதான் போனார். அதிபர் வெள்ளை வெளேரென்று வேட்டி கட்டி, திருநீறு பூசி, பளிச்சென்று இருந்தார். மாஸ்டர் வந்த காரணத்தைச் சொல்ல முன்னமே லாச்சியைத் திறந்து அந்தப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். மூலையில் வெற்றிலைச் சாறு பட்டிருந்தது. யார் யாருடைய கையோ பட்டு மடங்கி அழுக்கேறிக் கிடந்தது. முத்து முத்தான எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"வன இலாகாவுக்கு எழுதப் போறீராக்கும்" என்றார் அதிபர், சிரித்துக்கொண்டே. "எழுதும். ஆனா இந்தக் கையெழுத்து ஆரின்ர? பாதை கீறினது ஆர்? மரம் அளந்ததெண்டு பதினொரு பிள்ளையளின்ர பேர் கிடக்கு. பொலிஸ் வந்தா முதல்ல ஆரைக் கூப்பிடும்? அந்த மூதூர்ப் பிள்ளையின்ர சாச்சாவும் காட்டுக்குள்ள விறகு வெட்டுறவர்தானே?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்தவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது. இத்தனைக்கும் அவர் திருடன்கூட இல்லை.

"இரும், தேத்தண்ணி குடியும். ஆய்வுகூடத்துக்கு நாலு மேசை வருது, முதிரையில. பிள்ளையளுக்குத்தானே? சித்திரையில உப அதிபருக்குப் பேர் அனுப்ப வேணும். நான் உம்மடை பேரைத்தான் நினைச்சிருக்கிறன்." அதிபர் சற்றுக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "கொப்பியில ரெண்டாம் நிரல் வெறுமையாக் கிடந்தா கொழும்பால வாறவன் கேப்பான். மரம் வளரும்தானே, மாஸ்டர்? ஒரு அரை அங்குலம் போட்டுவிடச் சொல்லும்."

தேநீர் வந்தது. கோப்பையின் விளிம்பில் முன்பு குடித்தவரின் வாய்க்கறை பழுப்பாகக் காய்ந்திருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்து, மிச்சம் வைக்காமல் குடித்தார். நக்குண்டார் நாவிழந்தார் என்று நம்முடையவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அன்று பிற்பகல் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னார், பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. "ரெண்டாம் நிரலை நிரப்புங்கோ. நாற்பத்தெட்டுக்கும்."

"வெட்டின மரத்துக்குமா சேர்?" என்று கேட்டான் சிவகுருநாதன்.

"ஓம்."

ஒருத்தரும் பேனையை எடுக்கவில்லை. மாஸ்டர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதை அதிபர் சொல்லிக் கொடுக்கவில்லை, அது அவருடைய சொந்தப் புத்தி. இதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. "எல்லாத்துக்கும் அரை அங்குலம் எண்டு போட்டா பரீட்சகர் கண்டுபிடிச்சிடுவார். ஒண்டுக்குக் கால், ஒண்டுக்கு முக்கால் எண்டு மாத்தி மாத்திப் போடுங்கோ" என்றார்.

பேனைகள் ஓடத் தொடங்கின. சேற்றில் தகடாகக் கிடந்த பதினாலு மரமும் வகுப்பறையில் கிடுகிடுவென்று பருத்தன. பாயிஸ் தன் பதினேழாம் முதிரைக்கு ஒரு அங்குலம் போட்டான். அவன் எழுதும்போது அழுதானா என்று மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸல்ஹாவும் எழுதினாள். மறுப்பாள், கொப்பியைத் தூக்கி எறிவாள் என்று அவர் பயந்திருந்தார். கொஞ்சம் எதிர்பார்த்தும் இருந்தார், ஒரு பிள்ளையாவது மறுத்தால் அதைச் சாட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று. தன்னால் முடியாத நேர்மையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்தப் பார்க்கிற கோழைத்தனம்! அவள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மேசைகள் வந்து இறங்கின. வார்னிஷ் காயாத புது முதிரை, மஞ்சளாக மின்னியது. அந்த மேசையில் வைத்துத்தான் கொப்பிகளுக்குக் கையெழுத்து. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாஸ்டர் பக்கத்தைப் புரட்டுவதும், சிவப்பு மையால் சரி போடுவதும், "என் முன்னிலையில் அளக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வைப்பதுமாக இருந்தார். ஒரு கொப்பிக்கு ஒரு தரம் எழும்பிப் போய்க் காபோலிக் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். பத்துத் தரம் கழுவினார்.

கடைசியாக ஸல்ஹா வந்தாள். கொப்பி புதிதாக இருந்தது. பழையதை விட்டுவிட்டு முழுவதையும் புதிதாக எழுதியிருந்தாள். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, முத்து முத்தான எழுத்து. வெட்டில்லை, திருத்தமில்லை. மாஸ்டரின் பேனை நிரல் வழியே இறங்கி நாற்பத்தோராம் இலக்கத்தில் நின்றது. கருங்காலி, ஐந்து அடி இரண்டு அங்குலம். இரண்டாம் நிரலில் முக்கால் அங்குலம் கூட்டியிருந்தது.

"பிள்ளை, இது வெடுக்குநாறியெல்லோ? நீர்தானே கண்டுபிடிச்சது?"

குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. ஸல்ஹா முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. வழக்கமான மரியாதையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓம் சேர். ஆனா நீங்க அதிபருக்கு எழுதிக் குடுத்த பிரதியில கருங்காலியெண்டுதான் இரிக்கி. அதிபர்ட்டக் கேட்டு வாங்கி, அதப் பாத்துத்தான் முழுக்க எழுதினனான். இனி அதுதானே சேர் சரி?"

மாஸ்டர் மேசையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சவர்க்காரம் இருந்த இடத்தைப் பார்த்தார். அவள் காத்து நின்றாள். வெளியே வராந்தாவில் மற்றப் பத்துப் பேரும் நின்றார்கள்.

பேனையைத் தாழ்த்தி, கருங்காலி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் சரி போட்டார். கீழே கையெழுத்து வைத்தார். இந்தத் தரம் எழும்பிப் போய்க் கை கழுவவில்லை.